மண்ணின் பெயர் ஏறாத மது

பிரெஞ்சு வைன் போத்தல்களின் லேபிளில் பெரும்பாலும் திராட்சை வகையின் பெயர் இருக்காது. ஊரின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், அறுவடை ஆண்டு இருக்கும். 1855-இல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்காக போர்தோ வணிகர்கள் தங்கள் பகுதித் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். எந்தத் தோட்டத்து வைன் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்பதுதான் அளவுகோல். அந்தப் பட்டியல் இன்றும் செல்லுபடியாகிறது. முதல் தரத்துக்கு அதன் பிறகு உயர்த்தப்பட்டது ஒரே ஒரு தோட்டம்: மூத்தோன் ரோத்ஷில்ட், 1973-இல்.

அங்கே இதற்கு ஒரு சொல் உண்டு, தெர்ருவார். மண், சரிவு, வெயில், மழை, அந்த இடத்தில் தலைமுறைகளாகப் புழங்கிய கை, எல்லாம் சேர்ந்து குடிக்கிறவனின் நாக்குக்கு வந்து சேர்கிறது என்ற எண்ணம். அது அறிவியலா, வியாபார உத்தியா என்று பெரிய சண்டையே நடக்கிறது. எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. வைன் குடித்துப் பழகிய நாக்கும் இல்லை. ஆனால் ஒரு மதுவின் கதையைக் கேட்டால் நிலத்தின் கதையைச் சொல்கிறார்களே, அது பிடித்திருந்தது. அதே கேள்வியை எங்கள் பக்கத்து மதுவிடம் கேட்டால் என்ன வரும்? எங்கள் பக்கம் என்றால் கிள்ளான். மது என்றால் கள்.

நான் இருக்கும் பண்டமாரான், கிள்ளான் நகரத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருக்கிறது. இன்று இங்கே நாள் முழுக்கக் கேட்பது கொள்கலன் லாரிகளின் சத்தம். அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமம் ஒன்றும் இங்கே உண்டு. ஊர்ப்பெயரைக் கேட்டு, யாரோ பாண்டிய ராஜாவின் பெயர் என்று நினைத்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். டாமார் என்றால் மலாயில் குங்கிலியம். அந்தச் சொல் ஊர்ப்பெயருக்குள் ஒளிந்திருப்பதாகத்தான் என் காதுக்குக் கேட்கிறது. குங்கிலியம் மரத்தைக் கீறி எடுப்பது. பிறகு வந்த ரப்பரும் மரத்தைக் கீறி எடுப்பது. கள் பாளையைச் சீவி எடுப்பது. மரத்தைக் காயப்படுத்திச் சாறு எடுத்துத்தான் இந்த வட்டாரத்தில் பலரும் பிழைத்திருக்கிறார்கள்.

கிள்ளான் கரையோர நிலம் கடல் கொண்டுவந்து போட்ட களிமண். தட்டையானது. அலையாத்திக் காட்டை அழித்து, கடல்நீர் ஏறாமல் கரை கட்டி, கான் வெட்டி, தண்ணீரை வடித்தால்தான் எதையும் நட முடியும். முதலில் காப்பி நட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பியதும் விலை விழுந்தது. அப்புறம் ரப்பர். ஆனால் ரப்பருக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. தென்னை அப்படியில்லை, உப்புக்காற்றையும் ஓரளவு உப்புநீரையும் பொறுத்துக்கொள்ளும். அதனால் கடலை ஒட்டித் தென்னை, உள்ளே தள்ளி ரப்பர் என்று நிலம் தானாகவே ஒரு ஒழுங்குக்கு வந்தது. கான் வெட்டியது யார், கரை கட்டியது யார் என்று கேட்டால் கங்காணி கூட்டி வந்த தமிழர்கள், சீனர்கள், ஜாவாக்காரர்கள் என்று நீளும். போர்தோவின் மெதோக் பகுதியும் ஒரு காலத்தில் சதுப்பு நிலம்தான். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் தண்ணீரை வடித்த பிறகுதான் அங்கே பெரிய திராட்சைத் தோட்டங்கள் பரவின. டச்சுக்காரர்கள் கான் வெட்டியதை அந்த வைன் வரலாறு மறக்காமல் சொல்கிறது.

இங்கே ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ஆன்ரி ஃபோகொன்னியே. கோன்யாக் பிராந்திக்கான திராட்சை விளையும் பார்பெசியூவில் 1879-இல் பிறந்தவர். 1905-இல் மலாயா வந்தார், சிலாங்கூரில் தோட்டம் போட்டார், மலாயும் தமிழும் கற்றார். பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930-இன் கொன்கூர் பரிசை வாங்கினார். அவருடைய தோட்டங்களில் ஒன்று கோலசிலாங்கூர் பக்கம் இருக்கிறது. காப்பி சரிவராமல் போன அந்த நிலத்தில் 1917-இல் செம்பனை நட்டார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். அதன் பெயர் தென்னமரம். ஆமாம், தமிழ்ச் சொல்லேதான். மலாய்ப் பெயர்ப்பலகையிலும் அப்படியே இருக்கிறது. பிராந்தி நாட்டுக்காரர் ஒருவர், ஊர்ப்பெயரையே மதுவுக்குச் சூட்டும் பழக்கத்தில் வளர்ந்தவர், இங்கே வந்து நடத்திய தோட்டத்துக்குத் தமிழ் மரத்தின் பெயர் இருந்தது. கள்ளுக்கு யாரும் எந்தத் தோட்டத்தின் பெயரையும் வைக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் கள்ளிலேயே இருக்கிறது. தென்னம்பாளை விரியும் முன் அதைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். கட்டையால் மெதுவாகத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார்கள். நுனியைச் சீவி அடியில் கலயம் கட்டுவார்கள். காலையும் மாலையும் ஏறி, மெல்லிய சீவலாக மறுபடி சீவ வேண்டும், இல்லையென்றால் காயம் ஆறி வடிவது நின்றுவிடும். ஒரு மரத்தில் நாளுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை கிடைக்கும். வடியும்போது அது இனிப்பு நீர்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் நுரைக்கும், பொழுது சாயும்போது பீரைப் போல நாலைந்து சதவீதம் ஆல்கஹால் இருக்கும். மறுநாள் தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். கள்ளு வினிகர் சமையலுக்கு நல்லது, குடிக்க முடியாது.

வைனால் காத்திருக்க முடியும். காத்திருக்கும் பொருளைக் கப்பலில் ஏற்றலாம், நிலவறையில் அடுக்கலாம், ஆண்டு போட்டு விலையை ஏற்றலாம். கள் அன்றைக்கு இறக்கி அன்றைக்கே தீர வேண்டியது. அதைக் குடித்தவர்களும் நாள்கூலிக்காரர்கள். அன்றைய வேலைக்கு அன்றைய பேர் போட்டு, பெரட்டுக்களத்தில் நிற்காவிட்டால் அந்த நாளே இல்லை. கடை தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க முடியும், வாங்குகிறவன் லயத்திலிருந்துதான் வர முடியும். கள்ளுக்கு வெளிச்சந்தை தேவைப்படவே இல்லை. விளைந்த நிலத்திலேயே, அந்த நிலத்தில் உழைத்தவர்களிடமே அது விற்றுத் தீர்ந்தது.

தோட்டத்து நிர்வாகமே உரிமம் வாங்கிக் கள்ளுக்கடை வைத்திருந்தது. ஊருக்குள் அரசாங்கக் கடைகள் இருந்தன. தோட்டக் கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். கிள்ளான் போன்ற முக்கிய இடங்களில் 1920-களின் இறுதியில் ஆண்களுக்கு நாளுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்று கூலி நிர்ணயிக்கப்பட்டது. பெருமந்தம் வந்ததும் அதையும் வெட்டினார்கள். அந்தக் கூலியில் ஒரு பங்கு கள்ளுக்கடை வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பியது. திரும்பிய காசில் கோயில் திருவிழாவுக்கோ விளையாட்டுக்கோ ஏதாவது கிடைத்தால் அது துரை கொடுத்தது என்று ஆனது. குடிக்கிறவன் தன் நலனுக்குத் தானே வரி கட்டி, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது. குடிக்காதவள் வீட்டில் கஞ்சிக்கு இல்லாமல் அதே வரியைக் கட்டினாள்.

என் பெரியம்மா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் கள்ளைப் பற்றிக் கேட்டால் ருசியைப் பற்றியோ போதையைப் பற்றியோ பேச மாட்டார். வழியைச் சொல்வார். “சம்பளம் குடுக்குற மேசை இங்க, கள்ளுக்கடை அங்க, எங்க வீடு அதுக்கும் அப்பால. அப்பா கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். எங்கம்மா சம்பளத்தன்னிக்கு என்னைத்தான் தொணைக்கு அனுப்பும்.” அந்த வழியை யார் போட்டார்கள் என்று நான் கேட்டதற்கு, “தோட்டத்துல எல்லாத்தையும் துரைதானேடா போடுவான்” என்றார்.

கள்ளுக்காக வாதாடியவர்களும் உண்டு. கள் சத்தானது, அதிலிருக்கும் ஈஸ்ட்டில் பி வைட்டமின் உண்டு, கடையை மூடினால் கள்ளச் சாராயத்துக்குப் போவார்கள் என்றார்கள். மூன்றில் எதுவும் முழுப் பொய் இல்லை, அதுதான் அந்த வாதத்தின் பலம். எதிர்ப் பக்கத்தில் சீர்திருத்தக்காரர்கள். 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்துபோன பிறகு இங்கே சுயமரியாதைச் சங்கங்கள் சுறுசுறுப்பாகின. குடி ஒழிப்பு அவர்கள் பேச்சில் முக்கியமான பங்கு. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த செய்தி இங்கேயும் பேசப்பட்டிருக்கும். சேலத்திலிருந்து வந்தவர்கள் இங்கே எத்தனை பேர்! ஊரில் மூடிய கடை தோட்டத்தில் திறந்திருந்தது.

இந்த இரண்டு பக்கத்தையும் படிக்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. துரை, தமிழனால் கள் இல்லாமல் இருக்க முடியாது என்கிறார். சீர்திருத்தக்காரர், தமிழன் கள்ளை விட்டால்தான் மனிதன் ஆவான் என்கிறார். இரண்டு பேருமே பேசுவது தொழிலாளியின் குணத்தைப் பற்றித்தான். கடை யாருடையது, அதை ஏன் அங்கே வைத்தார்கள் என்ற கேள்வி அதில் வருவதில்லை. அந்தக் கேள்வியைத் தெளிவாகப் போட்டது 1941-இன் கிள்ளான் வேலைநிறுத்தம்.

போர்க்காலம். ரப்பருக்கும் ஈயத்துக்கும் பிரிட்டனில் பெரும் தேவை. விலைவாசி ஏறியது, கூலி அதற்கேற்ப ஏறவில்லை. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்துவிட்டதால் புது ஆள் வரத்தும் நின்றிருந்தது. இருக்கிற ஆளின் கை ஓங்கியிருந்த அபூர்வமான நேரம். தமிழ் நேசனில் வேலை பார்த்த ஆர்.எச். நாதனும், ஒய்.எஸ். மேனன் போன்றவர்களும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பெயரில் தோட்டம் தோட்டமாகத் தொழிலாளர்களைத் திரட்டினார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் கூலிக்காக நடந்த நிறுத்தங்கள் ஓரளவு வெற்றி பெற்றன. அதற்கு மேல்தான் கோரிக்கைப் பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியலை நான் பலமுறை படித்திருக்கிறேன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அளவுக்குக் கூலி. அடிக்கிற கிராணிகளையும் கண்டக்டர்களையும் நீக்கிவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களைப் போட வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி. பெண்களை வெள்ளைக்காரர்களும் ‘கறுப்பு வெள்ளைக்காரர்களும்’ தொந்தரவு செய்வது நிற்க வேண்டும். மருத்துவ வசதி. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பேசவும் கூடவும் சுதந்திரம். சொந்தக்காரர்கள் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரைக்கும் மேல்சிப்பந்திகளுக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைக்கும் உரிமை.

சைக்கிள் கோரிக்கையைக் கேட்டு முதலில் சிரிப்பு வரும். துரை எதிரில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம் என்று தெரிந்தால் சிரிப்பு அடங்கிவிடும். கள்ளுக்கடையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. குடி பாவம், குடும்பத்தைக் கெடுக்கும் என்கிற பேச்சுக்கு அந்த வரிசையில் இடமில்லை. எங்கள் நேரத்தையும் நடமாட்டத்தையும் பெண்களையும் நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்களோ, அதே மாதிரி எங்கள் கூலியையும் எடுத்துக்கொள்கிறீர்கள், அதை நிறுத்துங்கள் என்கிறது. கேட்டவர்களில் குடிக்கிறவர்களும் இருந்திருப்பார்கள். குடிக்கிறவன் கடையை மூடச் சொல்வதில் முரண் ஒன்றும் இல்லை. அவன் சண்டை கடைக்காரனோடு.

மே 5 அன்று நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள், வேலைநிறுத்தம் பரவியது. காந்தி குல்லா போட்டுக்கொண்டு வந்தார்கள், பெண்களும் நின்றார்கள். மே 16-இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்தது, அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவருக்குப் பின் பலரையும் அனுப்பினார்கள். ஏழு மாதத்தில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள், பிறகு இதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. ஜாலியன்வாலாபாக் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கிள்ளான் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

போருக்குப் பிறகு அதே கோபம் வடக்கே கெடாவில் தலைதூக்கியது. பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை என்று ஒன்று உருவானது. கள்ளுக்கடைகளை மறித்தார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தாங்களே தண்டிக்கவும் செய்தார்கள். 1947-இன் முதல் மாதங்களில் போலீஸுடன் மோதல், உயிரும் போனது. இந்தத் தொண்டர் படையை எனக்கு முழு மனதாகப் பாராட்ட முடியவில்லை. கிள்ளான் பட்டியலில் கடைக்காரனைப் பார்த்து நீட்டிய விரல், இங்கே பாதியாவது குடிக்கிறவன் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அவர்களை வெறும் ரவுடிகள் என்று எழுதிவைத்தவர்களை அதைவிடக் குறைவாகத்தான் நம்புகிறேன்.

இவ்வளவு ஆதரவிலும் எதிர்ப்பிலும் ஒருவர் மட்டும் எங்குமே பேசுவதில்லை. மரமேறி. தினம் இரண்டு வேளை, மழையில் வழுக்கும் மரத்தில், இடுப்பில் கத்தியும் கலயமுமாக ஏறி இறங்கியவர். கடை திறந்தால் அவர் உழைப்பில் தோட்டம் சம்பாதித்தது. கடையை மூடினால் முதலில் அவர் வேலை போனது. அவரைப் பழிக்கிற சாதிப் பேச்சு ஊரிலிருந்து கப்பலேறி அவருக்கு முன்பே இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. எந்தப் பருவத்தில் கள் இனிக்கும், எந்தக் காற்றில் சீக்கிரம் புளிக்கும், களிமண் ஈரத்தில் நிற்கும் மரத்துக்கும் மேட்டு மரத்துக்கும் வடிவதில் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தெர்ருவார் என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் ஒரு பண்டிதர் இருந்தார் என்றால் அது அவர்தான். யாரும் அவரிடம் கேட்டு எழுதிவைக்கவில்லை.

பிறகு தோட்டக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தென்னை இருந்த இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் தாமானும் தொழிற்பேட்டையும் வந்தன. அந்த இடைவெளியில் சம்சு நுழைந்தது. மலிவான, கள்ளைப் போலப் பல மடங்கு போதையுள்ள சாராயம், கைக்கு அடக்கமான போத்தல்களில். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கெதிராகத் தொடர்ந்து எழுதியது. அந்தப் போத்தல்களை நான் சின்ன வயதில் கான்களில் மிதக்கப் பார்த்திருக்கிறேன். அவற்றில் லேபிள் இருந்தது. பளபளப்பான படம், தங்க நிற எழுத்து. எந்த மண்ணில் விளைந்தது என்று மட்டும் அதில் இல்லை, அது எந்த மண்ணிலும் விளையவில்லை.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நாதன் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. 1941-இல் அவர் பிறக்கவே இல்லை. சைக்கிள் விஷயத்துக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க அப்பா சைக்கிள்ல வர்றப்ப ஆபிசு வளைவுல எறங்கித் தள்ளிட்டுத்தான் வருவாரு. மேடுன்னு எறங்குறாருன்னு நெனச்சேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அங்க மேடே இல்லை, களிமண் தரை, தட்டையாத்தான் இருக்கும்” என்றார்.